முகமூடி வீடு திரும்ப என்னவெல்லாம் தேவைப்பட்டது

பிரிட்டனில் ஓர் அருங்காட்சியகத்தில் வேலை பார்த்தபோது, ஆஸ்திரேலியாவுக்கும் நியூகினிக்கும் இடையிலுள்ள டோரஸ் நீரிணைத் தீவு மக்களின் முகமூடி ஒன்றை அவர்களிடமே சேர்க்கும் பொறுப்பு எனக்கு வந்தது. கடலாமை ஓட்டில் செய்து, இறகும் கயிறும் கோத்த முகமூடி. திருப்பிக் கொடுப்பதென்று அருங்காட்சியகத்தை நிர்வகிக்கும் அறங்காவலர்கள் ஏற்கெனவே முடிவெடுத்திருந்தார்கள். அப்புறம்தான் உண்மையான வேலையே ஆரம்பித்தது.

சட்டம் பெரிதாகக் கைகொடுக்கவில்லை. பண்பாட்டுப் பொருள்களின் கள்ளக் கடத்தலைத் தடுக்கும் 1970ஆம் ஆண்டின் யுனெஸ்கோ உடன்படிக்கை அதற்கு முன்பு போனவற்றைத் தொடாது. பழங்குடி மக்களின் சடங்குப் பொருள்களைத் திருப்பித் தர வழிசெய்யுங்கள் என்று 2007ஆம் ஆண்டின் ஐ.நா. பிரகடனம் சொல்கிறது, ஆனால் அது யாரையும் கட்டாயப்படுத்தாது. பிரிட்டிஷ் மியூசியமாக இருந்திருந்தால் சேகரிப்பிலுள்ள பொருள்களைப் பெரும்பாலும் வெளியே கொடுக்க விடாத 1963ஆம் ஆண்டுச் சட்டமே குறுக்கே நின்றிருக்கும். எங்களுக்கு அந்தத் தடை இல்லை.

பழைய பதிவேட்டில் இதற்கு ஒரே வரிதான். கொண்டுவந்தவர் பெயர் முழுதாக இருந்தது. செய்தவர் யார், யாரிடமிருந்து எப்படி வாங்கினார்கள், ஒரு சொல் இல்லை. அதைப் படித்தபோது வந்த கோபம் இன்னும் எனக்கு ஆறவில்லை.

காணொளியில் பேசிய தீவுப் பெரியவர் ஒருவர் முதலில் கேட்டது, "இதைக் கையால் தொடலாமா?" என்றுதான். சரியான கேள்வி. பூச்சி அரிக்காமலிருக்க அந்தக் காலத்தில் ஆர்செனிக்கும் பாதரச உப்பும் பூசுவது வழக்கம். பூசியதை எழுதி வைப்பது அபூர்வம். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும்வரை யாருக்கும் அது உறுத்தவில்லை. முகத்தில் அணியப் போகிறவர்களுக்கு அது உயிர்ப் பிரச்சினை. எக்ஸ்ரே கருவியை இடம் இடமாக வைத்துப் பார்த்தோம். ஓட்டில் ஒன்றும் இல்லை. இறகின் அடியிலும் கயிற்று முடிச்சிலும் ஆர்செனிக் இருந்தது. இறகைக் கழுவ முடியாது. மெல்லிய தூரிகையால் தட்டி, தூசியை உறிஞ்சி எடுத்தோம். அப்படியும் முழுதாகப் போகவில்லை. எங்கெங்கே இருக்கிறது என்று படம் வரைந்து குறித்து அனுப்பினோம். எப்படிக் கையாள்வது என்பதை அவர்கள் முடிவு செய்தார்கள்.

கடலாமை என்பதால் அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டஸ் உடன்படிக்கையின் ஆவணம், இறகு என்பதால் ஆஸ்திரேலியத் தொற்றுத்தடுப்பு அனுமதி என்று காகிதங்கள் தனியாக நீண்டன.

கடைசியில் ஒப்பந்தம். குளிரூட்டிய அறையில்தான் வைக்க வேண்டும் என்றொரு நிபந்தனை வரைவில் இருந்தது. அதை எடுக்கச் சொல்லி வாதாடினேன். உரியவரிடம் கொடுத்த பிறகு நிபந்தனை போட நாம் யார்? எடுத்தார்கள்.

இந்த வேலை உங்கள் கைக்கு வந்தால், அறங்காவலர் கூட்டம் வரை காத்திருக்காமல் நஞ்சுச் சோதனையை முதலிலேயே செய்துவிடுங்கள். முடிவை முதலில் அந்த மக்களுக்குச் சொல்லுங்கள்.