இருபத்தைந்து ரிங்கிட் மேசை

2024 அக்டோபர் 6, ஞாயிறு

பினாங்கு லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் ஒரு குட்டி மேசை கிடைத்தது. ஒற்றை இழுப்பறை, கறுத்துப்போன வார்னிஷ். நாற்பது என்றவரிடம் பேசிப் பேசி 25 ரிங்கிட்டுக்கு வாங்கினேன். மின்தூக்கியில் பக்கத்து வீட்டு அக்கா, "கீழே போகவேண்டிய சாமான் மேலே வருகிறதே!" என்றார்.

அக்டோபர் 8, செவ்வாய்

முதலில் 120ஆம் எண் மணல்தாள், பிறகு 220. குறுக்கே தேய்த்தால் கீறல் விழும் என்பதால் மர இழையின் போக்கிலேயே தேய்த்தேன். கறுப்பு போனதும் உள்ளே பாலாடை நிறம். கைவிரல்களைக் கோத்ததுபோல் பல் பல்லாக இணைத்து ஒட்டிய சிறு துண்டுகள்.

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். "இது நம்முடைய பால்மரம் அல்லவா?"

ரப்பர் மரமேதான். 25, 30 ஆண்டுகளில் பால் குறைந்ததும் வெட்டிவிடுவார்கள். ஒரு காலத்தில் விறகாகப் போனது, இன்று நாற்காலி, மேசையாகிறது. விடியும் முன்பே மரம் சீவப் போன பாட்டியைப் பற்றி அம்மா பேசத் தொடங்கினார். மணல்தாளைக் கீழே வைத்துவிட்டேன். இன்றைக்கு வேலை அவ்வளவுதான்.

அக்டோபர் 12, சனி

மேசையின் மேல் பழைய தமிழ் நாளிதழை ஒட்டுவது என் திட்டம். வெள்ளைப் பசையில் கொஞ்சம் தண்ணீர் கலந்து, தூரிகையால் தடவி ஒட்டினேன். குமிழ்களைக் குண்டூசியால் குத்தி அமுக்கினேன். எல்லாம் அழகாகத்தான் இருந்தது, தாள் நனைந்து மறுபக்கம் தெரியும்வரை. நடுவில் மெல்ல ஒரு முகம் எழுந்து வந்தது. நினைவஞ்சலி!

"யாரோ ஒரு பெரியவர் நெற்றியில் காப்பிக் கோப்பையை வைக்கச் சொல்கிறாயா?" என்றார் அம்மா.

ஈரம் காயும் முன் உரித்தேன். ஒட்டும் முன் தாளை நகல் எடுத்திருக்க வேண்டும். தடித்த தாளில் மறுபக்கம் தெரியாது. புத்தி பிறகுதான் வந்தது.

அக்டோபர் 19, சனி

காவிச் சாயம் இரண்டு பூச்சு. அதன்மேல் கோலம். சுண்ணக்கட்டியால் ஏழு புள்ளி, ஊடுபுள்ளியாக நான்கு வரை. தூரிகையில் என் கோடு வளைவுக்கு வளைவு திக்கியது. அம்மா தூரிகையைத் தொடவே இல்லை. காலி மருதாணிக் கூம்பில் கெட்டியான வெள்ளை அக்ரிலிக் சாயத்தை நிரப்பி, நுனியை ஊசிமுனை அளவு வெட்டி, மூச்சுவிடாமல் ஒரே இழையாகச் சுற்றி முடித்தார். மாவுக்கோலம் போட்ட கை.

அக்டோபர் 22, செவ்வாய்

நேற்று முழுவதும் மழை. நான்கு மணி நேரத்தில் காயும் என்று டப்பாவில் போட்டிருந்த வார்னிஷ், இரவு கடந்தும் விரலில் ஒட்டியது. இன்றுதான் இரண்டாம் பூச்சு.

வெளிச்சத்தில் பார்த்தபோது மூலையில் ஒரு புள்ளி இழைக்குள் அகப்படாமல் தனியே நின்றது. சொன்னேன். அம்மா பதில் பேசாமல் தம் கண்ணாடிக் கூட்டை எடுத்து அதன்மேல் வைத்தார். வார்னிஷ் இன்னும் காயவில்லை.