பக்தி இயக்கத்துக்கு செண்பகலட்சுமியைப் படியுங்கள்

டெல்லி ஓல்ட் ராஜிந்தர் நகரில் அறை எடுத்து, யுபிஎஸ்சி குடிமைப் பணித் தேர்வுக்காக வரலாறு ஆப்ஷனலோடு (விருப்பப் பாடம்) மல்லுக்கட்டும் தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன். முதல் தாளில் பக்தி இயக்கம் வந்தால் ஆழ்வார்கள் 12, நாயன்மார்கள் 63, சாதி மறுப்பு, மக்கள் மொழியில் பாட்டு என்று எல்லோரும் ஒரே பதிலைத்தான் எழுதுகிறார்கள். ஜெராக்ஸ் கடை நோட்ஸில் இருப்பதே அவ்வளவுதான்.

என்னை இதிலிருந்து வெளியே கொண்டுவந்தவர் வரலாற்றாசிரியர் ஆர். செண்பகலட்சுமி. சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்து, அங்கேயே பாடம் நடத்தி, பிறகு இங்கே டெல்லி ஜேஎன்யுவில் (ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம்) பல வருடம் பேராசிரியராக இருந்தவர். 2024 ஜனவரியில் காலமானார். அவர் எழுதியதை, வெளிவந்த வரிசையிலேயே படியுங்கள். 1979-ல் குடமூக்கு, பழையாறை என்ற சோழர் இரட்டை நகரம் பற்றிய கட்டுரை (குடமூக்கு என்பது இன்றைய கும்பகோணம்). 1981-ல் தமிழகத்து வைணவத் திருமேனிகள் பற்றிய நூல். 1996-ல் வணிகமும் நகரங்களும் பற்றிய பெரிய நூல். அதே வருடம் ஆழ்வார், நாயன்மார் பற்றிய கட்டுரை வந்தது. தலைப்பிலேயே விடை இருக்கிறது: பக்தியிலும் எதிர்ப்பிலும் தொடங்கி ஆதிக்கத்தில் போய் முடிந்தது என்கிறார். சிலையையும் ஊரையும் சந்தையையும் அலசியவர் சொல்வதால் அதற்கு அவ்வளவு கனம்.

இதற்கு நான் எழுதும் சான்று தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு. அப்பரும் சம்பந்தரும் 7-ஆம் நூற்றாண்டில் ஊர் ஊராக நடந்து பாடிய பதிகங்களைப் பாட, ராஜராஜன் 48 பேரை நியமிக்கிறான். கூடவே உடுக்கைக்கு ஒருவர், கொட்டி மத்தளத்துக்கு ஒருவர். ஆளுக்குத் தினமும் முக்குருணி (குருணி என்பது பழைய முகத்தல் அளவு) நெல். வழிநெடுகப் பாடிய பாட்டு, அரசன் படியளக்கும் கோயில் வேலையாகிவிட்டது! இந்த ஒரு சான்றை எழுதினாலே விடை மற்றவர்களுடையதிலிருந்து தனியாகத் தெரியும்.

ஒன்று சொல்லியாக வேண்டும். அவர் ஆங்கிலம் லேசானது இல்லை. ஒரு பகுதி முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, புரிந்ததைத் தமிழில் நாலு வரி எழுதுங்கள். தேவாரம் எடுத்துப் பார்க்க ஆர்.கே.புரம் தமிழ்ச் சங்க நூலகம் இருக்கிறது. அப்புறம், படிக்கும்போதே வரைபடத்தைப் பக்கத்தில் விரித்து வையுங்கள். முதல் தாளில் வரைபடக் கேள்வி உண்டு: 20 இடங்கள், 50 மதிப்பெண். காஞ்சி, உத்திரமேரூர், பழையாறை எல்லாம் வரும்போதே குறித்துவிட்டால், மெயின்ஸ் (முதன்மைத் தேர்வு) நெருக்கத்தில் தனியாக உட்கார்ந்து மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது.