இழுவைக் கரவனுக்கு இன்வெர்ட்டரும் சேஞ்ச் ஓவர் சுவிச்சும் பொருத்திய அனுபவம்

நிலாவெளியில் சுற்றுலாப் பருவத்தில் நிறுத்தி வைப்பதற்காக நானும் மச்சானும் சேர்ந்து ஒரு சிறிய இழுவைக் கரவனைத் தயார் செய்தோம். அதன் பிளக்குகளுக்கு வீட்டுக் கறண்டும் பற்றரிக் கறண்டும் மாறி மாறி வர வேண்டும் என்பதே எங்கள் தேவை. அதற்கு, பற்றரியின் 12 வோல்ட்டை 230 வோல்ட்டாக மாற்றும் இன்வெர்ட்டரும், இரண்டு கறண்டில் ஒன்றைத் தேர்ந்து கொடுக்கும் சேஞ்ச் ஓவர் சுவிச்சும் வேண்டும். 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை நீண்டதிலிருந்து இன்வெர்ட்டர் நம்மவர்களுக்குப் பழகிய பொருளாகிவிட்டதால், அதைத் தேடிப் பிடிப்பதில் சிரமம் இருக்கவில்லை. சிரமமெல்லாம் நியூட்ரலையும் (மின்னோட்டம் திரும்பும் வயர்) எர்த்தையும் (கசிவைக் கொண்டு செல்லும் பாதுகாப்பு வயர்) எங்கே இணைப்பது, எங்கே பிரிப்பது என்பதில்தான் இருந்தது. கரவன் வயரிங் பற்றிக் கிடைக்கும் காணொளிகள் பெரும்பாலும் அமெரிக்காவில் எடுக்கப்பட்டவை. அங்கே மின்னழுத்தம் 120 வோல்ட். கறுப்பு வயர்தான் லைவ் (கறண்டு வரும் வயர்). இங்கே 230 வோல்ட். பழைய வீடுகளில் கறுப்பு என்றால் நியூட்ரல். நிறத்தை நம்பி அந்தக் காணொளிகளைப் பின்பற்றுவது உயிரோடு விளையாடும் வேலை.

முதலில், பற்றரியில் எவை ஓட வேண்டும் என்பதைத் தீர்மானித்தோம். 12.8 வோல்ட், 200 ஆம்பியர்-மணி லித்தியம் பற்றரி ஏறக்குறைய 2,560 வாட்-மணி சக்தியைத் தரும். மின்விசிறி, விளக்கு, மடிக்கணினி, அளவோடு ஒரு ரைஸ் குக்கர் ஆகியவற்றுக்கு அது போதும். ஏசியையும் சுடுநீர்க் கருவியையும் வீட்டுக் கறண்டோடு மட்டும் நிறுத்தினோம். பற்றரி சார்ஜருக்கும் அதே விதிதான், ஆனால் காரணம் வேறு: இன்வெர்ட்டரின் வெளியீட்டில் சார்ஜரை இணைத்தால், பற்றரி தன்னைத் தானே சார்ஜ் செய்ய முயன்று, சுற்றும் ஒவ்வொரு தடவையும் சக்தியை வெப்பமாக இழந்து கொண்டிருக்கும். ஆகவே சார்ஜருக்கான வயரை சேஞ்ச் ஓவர் சுவிச்சுக்கு முன்னரே, வீட்டுப் பக்கத்திலிருந்து பிரித்தெடுத்தோம்.

பற்றரிப் பக்கத்தில் வோல்ட் குறைவு என்பதால் அங்கே ஆபத்தில்லை என்று பலர் நினைக்கிறார்கள். 2,000 வாட் இன்வெர்ட்டர் முழுச் சுமையில் ஓடும்போது, இழப்பையும் சேர்த்தால் 175 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதற்காக 70 சதுர மில்லிமீற்றர் கேபிளை, இயன்றவரை குட்டையாக வெட்டிப் போட்டோம். கடற்காற்றில் வெறும் செம்பு விரைவில் பச்சை பூத்துவிடும் என்பதால் வெள்ளீயம் பூசிய கேபிளாகப் பார்த்து வாங்கினோம். பற்றரியின் பிளஸ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் 250 ஆம்பியர் பியூஸ் அமர்ந்திருக்கிறது. லித்தியம் பற்றரி ஷோர்ட் ஆகும்போது பாயும் மின்னோட்டத்தைத் துண்டிக்கும் திறன் சாதாரண கார் பியூசுக்கு இல்லை. இந்த ஒரு பொருளில் மலிவு பார்க்கக் கூடாது. இன்வெர்ட்டரை முதன்முதலாக இணைக்கும்போது அதனுள் மின்னேற்றத்தைச் சேமிக்கும் கப்பாசிற்றர்கள் ஒரேயடியாக நிரம்புவதால் முனையில் பெரிய தீப்பொறி எழும். கடைசிக் கேபிளைத் தொடுப்பதற்கு முன்னர் ஒரு 12 வோல்ட் பல்பை இடையில் வைத்துச் சில விநாடிகள் நிரப்பினால் அந்தப் பொறி வராது.

சேஞ்ச் ஓவர் சுவிச்சாகத் தானியங்கி வகையைத் தவிர்த்து, கையால் திருப்பும் 1–0–2 வகையையே வாங்கினோம். நடுவில் உள்ள பூச்சியத்தைக் கடக்காமல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போக முடியாது என்பதால் இரண்டு கறண்டும் ஒருபோதும் சந்திப்பதில்லை. சந்தித்தால் முதலில் புகைவது இன்வெர்ட்டர்தான். துறைமுகத்தில் மின் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அண்ணை ஒருவர் எங்கள் வரைபடத்தைப் பார்த்ததும், “தம்பி, லைவை மட்டும் மாத்தினாப் போதாது, நியூட்ரலும் கூடவே மாற வேணும்” என்றார். காரணம் இதுதான். பற்றரியில் ஓடும்போது ட்ரிப் சுவிச் (மின்னோட்டம் கசிந்தால் கறண்டைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிச்) வேலை செய்ய வேண்டுமானால், இன்வெர்ட்டரின் நியூட்ரல் கரவனின் எர்த்தோடும் உலோக அடிச்சட்டமான சேசியோடும் ஓரிடத்தில் இணைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கசியும் மின்னோட்டம் திரும்பிச் செல்ல வழியின்றி, 30 மில்லிஆம்பியர் ட்ரிப் சுவிச் எதையும் உணராது. ஆனால் அதே இணைப்பு வீட்டுக் கறண்டில் ஓடும்போதும் நீடித்தால், நியூட்ரலில் போக வேண்டிய மின்னோட்டத்தின் ஒரு பகுதி எர்த் வழியாகப் போய், வீட்டு ட்ரிப் சுவிச் உடனே விழும். நியூட்ரல்–எர்த் இணைப்பை இன்வெர்ட்டரின் வெளியீட்டிலேயே, சேஞ்ச் ஓவர் சுவிச்சுக்கு முன்பாகக் கொடுத்து, சுவிச்சில் இரண்டு வயர்களையும் மாற்றினோம். வீட்டுப் பக்கம் திருப்பியவுடன் அந்த இணைப்பு தானாகவே விலகிவிடுகிறது.

இதில் ஒரு கண்ணி உண்டு. சில மலிவான இன்வெர்ட்டர்களில் நியூட்ரல் என்று தனியாக ஒன்று கிடையாது; இரண்டு முனைகளிலும் எர்த்துக்குப் பாதி வோல்ட் இருக்கும். அவற்றில் ஒரு முனையை எர்த்தோடு கட்டினால் இயந்திரம் எரிந்துபோகும். வாங்குவதற்கு முன்னரே கையேட்டில் இந்த இணைப்புக்கு அனுமதி உண்டா என்று பார்த்து, உள்ளதைத் தேர்ந்தோம்.

பரிசோதனையை அண்ணையிடமே விட்டோம். ட்ரிப் சுவிச்சில் உள்ள பொத்தான் எர்த் இல்லாவிட்டாலும் விழும். ஆகவே அது விழுந்தது என்பது எர்த் சரி என்பதற்குச் சான்றாகாது. பிளக்கில் செருகி லைவிலிருந்து எர்த்துக்கு 30 மில்லிஆம்பியர் செலுத்தும் கருவியால், இரண்டு நிலைகளிலும் தனித்தனியே சோதித்த பின்னரே அவர் மூடியைப் பூட்ட விட்டார்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் மூடிய பெட்டிக்குள் வெப்பம் ஏறி இன்வெர்ட்டர் தன் வலுவைக் குறைத்துக் கொள்ளும் என்பதால், அதன் அறைக்குக் கீழும் மேலும் காற்றுத் துளைகள் விட்டிருக்கிறோம். சுமை எதுவும் இல்லாவிட்டாலும் அது 15 வாட் அளவில் தின்று கொண்டிருப்பதால், படுக்கப் போகும்போது அணைத்துவிட்டு 12 வோல்ட் விசிறியில் தூங்குவதே எங்கள் வழக்கம்.