காலண்டரில் ஏழு வட்டம்

எனக்கு ரப்பர் பால்வெட்டு வேலை. வெட்டு நடந்த நாளைக் காலண்டரில் குறித்து வைத்தால்தான் மாதக் கடைசியில் கூலிக் கணக்கு இடிக்காது. அந்தக் காலண்டர் மகளின் தொண்டைக்கும் உதவும் என்று அப்போது நினைக்கவில்லை.

குலசேகரம் பக்கம் எங்கள் வீடு. மகளுக்கு எட்டு வயது. மழை பிடித்தால் எனக்கு வெட்டு நிற்கும், அவளுக்குக் காய்ச்சல் தொடங்கும். எச்சில் விழுங்கவே அழுவாள். தாடைக்குக் கீழே நெல்லிக்காய் போல நெறி கட்டியிருக்கும். டார்ச் அடித்துப் பார்த்தால் தொண்டையின் இரண்டு பக்கமும் சிவந்து வீங்கி, மேலே வெள்ளைத் திட்டுகள். "உள்நாக்கு வளந்திருக்கு மக்கா, ஐஸ் தின்னதுதான்" என்பார் அம்மா. உள்நாக்கு நடுவில் தொங்குவது, டான்சில் அதன் இரு பக்கமும் இருப்பது. இந்த வித்தியாசமே எனக்கு ஆறாவது தடவைதான் தெரிந்தது.

ஒரு தப்பை ஒத்துக்கொள்ள வேண்டும். முதல் தடவை டாக்டர் பத்து நாளைக்கு அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாடிக் எழுதினார். மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டது, பிள்ளை விளையாட ஓடிவிட்டாள், மிச்ச மாத்திரை அலமாரிக்குப் போனது. அடுத்த காய்ச்சலுக்கு யாரையும் கேட்காமல் அதையே எடுத்துக் கொடுத்தேன். பிறகு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் இதைச் சொன்னபோது அவர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. டான்சில் வீக்கம் பெரும்பாலும் வைரஸால் வருவதாம், அதற்கு ஆன்டிபயாடிக் கேட்கவே கேட்காது. பாராசிட்டமால், நிறையத் தண்ணீர், ஓய்வு, அவ்வளவுதான். இருமலும் மூக்கொழுக்கும் சேர்ந்து வந்தால் அநேகமாக அந்த வகை. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா என்றால் கதை வேறு. காய்ச்சல் விட்டாலும் சொன்ன நாள் வரை மருந்து சாப்பிட வேண்டும். இல்லாவிட்டால் சில பிள்ளைகளுக்கு ருமாட்டிக் காய்ச்சல் வந்து இதய வால்வு வரை பாதிக்கும் என்றார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இந்தப் பேச்செல்லாம் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில். "வருஷத்தில் எத்தனை தடவை?" என்று கேட்டார். "எப்பவும்தான் சார்" என்றாள் மனைவி. எப்பவும் என்பது கணக்கில்லையே. ஒரு வருடத்தில் ஏழு, அல்லது தொடர்ந்து இரண்டு வருடம் ஐந்தைந்து, அல்லது மூன்று வருடம் மும்மூன்று என்று வந்தால்தான் ஆபரேஷனைப் பற்றி யோசிப்பார்களாம். வீட்டுக்கு வந்து காலண்டரைப் புரட்டினேன். நான் வேலைக்குப் போகாத நாட்களில் மழை நாள் போக மீதியெல்லாம் ஆஸ்பத்திரி நாள். சீட்டுகளோடு ஒத்துப் பார்த்து வட்டம் போட்டேன். சரியாக ஏழு.

ரத்தப் பரிசோதனை, ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்ற சோதனை, வெறும் வயிறு, மயக்க மருந்து. வாய் வழியாகவே டான்சிலை எடுத்துவிட்டார்கள், வெளியே ஒரு கீறல்கூட இல்லை. ஆபரேஷன் சீக்கிரம் முடிந்தது. கஷ்டம் வீட்டுக்கு வந்த பிறகுதான்.

மூன்றாம் நாள் டார்ச் அடித்துப் பார்த்தேன். எடுத்த இடம் முழுக்க வெள்ளையாகப் படர்ந்திருந்தது, வாயில் நாற்றம் வேறு. சீழ் பிடித்துவிட்டது என்று முதல் பஸ்ஸைப் பிடித்து ஓடினேன். டாக்டர் சிரித்தார். முழங்காலில் அடிபட்டால் பொருக்கு கட்டும் இல்லையா, தொண்டை ஈரம் என்பதால் அங்கே அது வெள்ளையாக இருக்கும், அவ்வளவுதான். காது வலிக்கிறது என்று அழுததற்கும் காதில் ஒன்றுமில்லை. தொண்டைக்கும் காதுக்கும் ஒரே நரம்பு போகிறதாம். இதை ஆபரேஷனுக்கு முன்பே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பஸ் காசாவது மிஞ்சியிருக்கும்.

ஆனால் அவர் அழுத்திச் சொன்னது வேறு. ஐந்திலிருந்து பத்து நாளுக்குள் அந்தப் பொருக்கு உதிரும்போது ரத்தம் வரலாம், சிவப்பாக ரத்தம் துப்பினால் எந்த ராத்திரியானாலும் கிளம்பி வந்துவிட வேண்டும். அந்த ஐந்து இரவும் பக்கத்து வீட்டு ஆட்டோக்காரரிடம் சொல்லி வைத்திருந்தேன். நல்லவேளை, தேவைப்படவில்லை.

ஆறிய கஞ்சி, இளநீர், குழைய அவித்த ஏத்தம்பழம். சிப்ஸ், முறுக்கு, புளிப்பு கிடையாது. ஐஸ்கிரீம் தாராளமாகக் கொடுக்கலாம் என்று டாக்டர் சொன்னதை அம்மா கடைசி வரை நம்பவில்லை. நான் வாங்கி வந்தால் உருகட்டும் என்று அடுப்புப் பக்கம் வைத்துவிடுவார்.

போன மழையில் மறுபடி தொண்டை வலி வந்தது. டான்சில் எடுத்தாலும் வரும், குறைவாக வரும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். இருமல், சளியோடு மூன்று நாள் இருந்துவிட்டுப் போனது. அலமாரியில் இப்போது மிச்ச மாத்திரை எதுவும் இல்லை.