டயாலிசிஸ் அறையில் ஒரு பணக்கார வீடு

வாடகை ஃபிளாட்டில் இருப்பவர்கள் பங்களாக் குடும்பத்துக் கதையைப் பார்த்து ஏன் கண் கலங்குகிறார்கள் என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கேட்பவர்கள் பெரும்பாலும் சீரியல் பார்க்காதவர்கள். பதிலையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். பட்டுப் புடவை, கல் நகை, பெரிய கார், வளைந்து இறங்கும் மாடிப்படி, இதெல்லாம் இல்லாதவர்களுக்கு ஓர் ஏக்கம் என்பார்கள். நான் மலேசியாவின் பினாங்கில், ஜெலுத்தோங் பக்கம் ஒரு டயாலிசிஸ் நிலையத்தில் நர்ஸ். அந்தப் பதில் எனக்குச் சரியாகப் படவில்லை. என் நோயாளிகள் சீரியல் பார்ப்பதை நான் பக்கத்திலேயே நின்று பார்க்கிறேன். எந்தக் காட்சியில் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள், எந்தக் காட்சியில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். நகையைக் காட்டும்போது பெரும்பாலும் கண்ணை மூடி ஓய்வெடுப்பார்கள்.

எங்கள் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சிறுநீரகம் செயலிழந்தவர்கள் வாரத்துக்கு 3 நாள் வருவார்கள், ஒவ்வொரு முறையும் 4 மணி நேரம். இங்கே நம் ஆட்கள் டயாலிசிஸ் என்பதைவிட 'ரத்தம் கழுவப் போறேன்' என்றுதான் அதிகம் சொல்வார்கள். கையில் ஆபரேஷன் செய்து ரத்தநாளங்களை இணைத்து வைத்திருக்கும் இடத்தில் தடித்த ஊசிகள் இரண்டு போடுவோம். ஒன்றின் வழியே ரத்தம் மெஷினுக்குப் போகும், இன்னொன்றின் வழியே சுத்தமாகித் திரும்பும். அந்தக் கையை மடக்கக் கூடாது. மடக்கினால் மெஷின் கத்தும். போன முறைக்கும் இந்த முறைக்கும் இடையில் உடம்பில் தேங்கிய தண்ணீர், 2 லிட்டரோ 3 லிட்டரோ, அந்த 4 மணி நேரத்துக்குள் வெளியேற வேண்டும். மூன்றாவது மணி நேரம்தான் சிரமம். பிரஷர் இறங்கும், கெண்டைக்கால் இழுக்கும், ஏ.சி. குளிர் எலும்பில் ஏறும். தாகமெடுத்தாலும் வாய் நனைக்கிற அளவுக்குத்தான் தண்ணீர்.

அந்த மணி நேரத்தை நகர்த்தித் தருவது பல பேருக்குச் சீரியல்தான். ஊசியையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பவருக்கு நேரம் நகரவே நகராது. கதையில் மூழ்கியவருக்கு நான் பிரஷர் எடுத்துவிட்டுப் போனதுகூடத் தெரியாது. மருந்து கொடுக்க முடியாத ஒரு வலிக்கு அது மருந்தாக இருப்பதைப் பார்த்த பிறகு, டிவியை நிறுத்தச் சொல்லும் புது ஸ்டாஃப்களோடு நான் வாதாடியிருக்கிறேன்.

எங்கள் அறையில் மூன்று இனத்தவரும் படுத்திருப்பார்கள். மாலை ஷிஃப்டில் மாக்சிக் ஒருவருக்கு, அதாவது ஒரு மலாய் அம்மாவுக்கு, டத்தோ, டத்தின் என்று பட்டம் உள்ள பெரிய இடத்துக் குடும்பக் கதை வேண்டும். ஜன்னலோரத்துச் சீன ஆன்ட்டிக்கு ஹாங்காங் நாடகம், அதிலும் அப்பாவின் கம்பெனிக்காகப் பிள்ளைகள் அடித்துக்கொள்வதாக இருந்தால் இன்னும் நல்லது. நம்மவர்களுக்குத் தமிழ் சீரியல். முறை வைத்துப் பார்ப்பார்கள். ஒருவர் மொழி இன்னொருவருக்கு முழுசாகப் புரியாது, ஆனாலும் கதை புரிந்துவிடும். வில்லி யார், வீட்டை எழுதி வாங்கப் போகிறவர் யார் என்று அந்தச் சீன ஆன்ட்டி தமிழ் சீரியலிலும் பின்னணி இசையை வைத்தே சொல்லிவிடுவார். மூன்று மொழியிலும் அதே பெரிய ஹால், அதே மாடிப்படி, அதே சாப்பாட்டு மேஜை.

அந்த வீட்டில் இவர்கள் தேடுவது எது என்பதை எனக்குப் புரிய வைத்தவர் ஓர் ஆன்ட்டி. கூலிம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவர். அவருடைய அம்மா துரை பங்களாவில் ஆயாவாக இருந்தவர். மேட்டின் மேல் இருந்த அந்தப் பங்களாவுக்குச் சின்ன வயதில் அம்மாவோடு போய்ப் பின்வாசலில் உட்கார்ந்திருப்பாராம். எத்தனையோ அறைகள், துடைத்துத் துடைத்துப் பளபளத்த மரத்தரை. இருந்ததோ துரையும் துரைசாணியும் மட்டும். பிள்ளைகள் இங்கிலாந்தில் ஹாஸ்டலில் படித்தார்கள். லயத்திலோ ஓர் அறையில் எட்டுப் பேர். ஒருநாள் ஊசி போட்டுக்கொண்டிருந்தபோது டிவியைப் பார்த்தபடியே சொன்னார்: "பங்களாவுல எடம் இருந்துச்சு மிஸ்ஸி, ஆளு இல்ல. லயத்துல ஆளு இருந்தாங்க, எடம் இல்ல. சீரியல்லதான் ரெண்டும் இருக்கு."

அப்புறம் அந்தத் தோட்டம் விற்கப்பட்டது. லயத்துச் சனங்கள் ஆளுக்கொரு திசையாகப் போனார்கள். அவருடைய அண்ணன் ஷா ஆலாமுக்கு, தம்பி ஜொகூருக்கு. இப்போது அவருடைய இரண்டு மகன்களும் சிங்கப்பூரில். டயாலிசிஸ் கட்டணத்தைத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கெசோ பார்த்துக்கொள்கிறது, மகன்கள் மாதா மாதம் பணமும் அனுப்புகிறார்கள். அவருக்குப் பணக்கஷ்டம் என்று சொல்ல முடியாது. ஆனால் சீரியலில் மூன்று மகன்களும் மூன்று மருமகள்களும் பேரப்பிள்ளைகளும் ஒரே மேஜையில் உட்கார்ந்து, ஒருவரை ஒருவர் குத்திப் பேசிக்கொண்டே சாப்பிடும் காட்சி வரும்போது அவர் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும். சண்டை போடவாவது அங்கே ஆள் இருக்கிறது.

அதற்குப் பிறகு நான் எல்லாப் பணக்காரக் குடும்பக் கதைகளையும் இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன். இந்த வகைக்குத் தாயாகச் சொல்லப்படும் அமெரிக்கத் தொடர் டல்லஸ், 1978ல் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் தொடங்கி 1991 வரை ஓடியது. டெக்சஸ் எண்ணெய்க் குடும்பம், யூவிங்குகள். ஒவ்வொருவரும் தனித்தனி மாளிகை வாங்கக்கூடிய வசதி. ஆனாலும் அப்பா ஜாக், அம்மா மிஸ் எல்லி, மூத்த மகன் ஜே.ஆர்., அவன் மனைவி, இளைய மகன் பாபி, அவன் மனைவி, பேத்தி லூசி என்று எல்லாரும் சவுத்ஃபோர்க் என்ற ஒரே பண்ணை வீட்டில்தான் இருப்பார்கள். காலையில் ஒன்றாகப் பசியாறுவார்கள், இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் ஹாலில் கூடுவார்கள், கூடினால் யாராவது யாரையாவது குத்திப் பேசுவார்கள். அமெரிக்காவில் எந்தக் கோடீஸ்வரன் கல்யாணமான பிறகும் அம்மா வீட்டு மாடியில் இருக்கிறான்? யாரும் அதைக் கேட்கவில்லை. 1980 மார்ச் 21ல் ஜே.ஆரை யாரோ சுட்டுவிட, நடிகர்களின் வேலைநிறுத்தமும் சேர்ந்துகொள்ள, சுட்டது யார் என்று தெரிய நவம்பர் 21 வரை ஆனது. அன்று அமெரிக்காவில் மட்டும் எட்டுக் கோடிப் பேருக்கு மேல் பார்த்தார்கள். சுட்டவள் அவன் மனைவியின் தங்கை. வெளியாள் சுட்டிருந்தால் எட்டு மாதம் யார் காத்திருப்பார்கள்?

அதற்குப் போட்டியாக ஏ.பி.சி. 1981ல் தொடங்கிய டைனஸ்டிதான் இன்னும் பளபளப்பு. நடிகை ஜோன் காலின்ஸ், நோலன் மில்லர் வடிவமைத்த உடைகள், உயர்த்திய தோள்கள். பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் ஆப்பரேட்டராக இருந்த இன்னொரு நோயாளி, எண்பதுகளில் தோளில் பஞ்சு வைத்துத் தைத்த சட்டையோடுதான் வேலைக்குப் போனதாகச் சொல்லி மகிழ்வார். உடையில் ஆசையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அது அழகு, கண்ணுக்கு இதம், வெள்ளைச் சுவரையே பார்த்துக் கிடக்கும் மனிதர்களுக்கு நிறம் வேண்டும். ஆனால் உடை கண்ணை இழுத்துக்கொண்டு வந்து உட்கார வைக்கும், அவ்வளவுதான். வருடக்கணக்கில் அங்கேயே பிடித்து வைப்பது வேறு.

பணத்துக்குக் கதையில் ஒரு வேலை இருக்கிறது. சாதாரண வீட்டில் மகன் வேலைக்காக ஊரை விட்டுப் போவான், மருமகள் ஷிஃப்டுக்குப் போவாள், மாமியார் பேரனைத் தூக்கிக்கொண்டு கிளினிக்கில் நிற்பார். சண்டை போட யாருக்கும் நேரமில்லை. பணக்கார வீட்டில் வாடகை, கரண்ட் பில் என்ற பேச்சே இல்லை, யாரும் பிழைப்புக்காக வெளியே போக வேண்டியதில்லை. அதனால் எல்லாரும் நாள் முழுக்க வீட்டில் இருக்கிறார்கள், மனதில் இருப்பது எல்லாம் வெளியே வந்துவிடுகிறது. அம்மாவுக்கு எந்த மகன்மேல் பாசம் அதிகம், யார் யாருக்குக் கடன்பட்டவர், யார் பெயர் பத்திரத்தில் இல்லை என்பதெல்லாம் ஹாலுக்கு வந்து சேர்கிறது. மாடிப்படி எதற்கு? மேலே நின்று ஒருவர் கேட்டுவிடத்தான்.

எதிர்நீச்சல் ஓடிய காலத்தில் இதைத் தினமும் பார்த்தேன். 2022ல் சன் டிவியில் தொடங்கியது. ஆதி குணசேகரன் என்ற மூத்த அண்ணன், தம்பிகள், படித்தும் சமையலறைக்குள் அடைந்துபோன மருமகள்கள், சொத்தில் பங்கு வைத்திருக்கும் அப்பத்தா. சென்னையில் இரவு 9.30 என்றால் நமக்கு நள்ளிரவு, அதனால் பலர் மறுநாள் படுக்கையில் கைப்பேசியில் பார்ப்பார்கள். குணசேகரனாக நடித்த ஜி. மாரிமுத்து 2023 செப்டம்பர் 8, வெள்ளிக்கிழமை காலை, டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது நெஞ்சுவலி வந்து இறந்துபோனார். எங்களுக்கு நண்பகல் நெருங்கும் நேரத்தில் செய்தி வந்தது. அன்று வந்த பல பேருக்கு வழக்கத்தைவிடப் பிரஷர் கூடியிருந்தது. தினமும் அந்தப் பாத்திரத்தைத் திட்டித் தீர்த்த பெண்கள்தான் அதிகம் வருந்தினார்கள். ஓர் அங்கிள், பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர், "எங்க அண்ணனும் இப்படித்தான்மா, திட்டிக்கிட்டே இருப்பாரு, அவரு போனதும் வீடே போச்சு" என்றார். பிறகு அந்த வேடத்தில் வேல ராமமூர்த்தி வந்தார். அவரும் நல்ல நடிகர், ஆனால் பழகிக்கொள்ள எங்கள் ஆட்களுக்குக் கொஞ்ச நாள் பிடித்தது.

எனக்கும் இந்தச் சீரியல்கள்மேல் ஒரு கோபம் உண்டு. சிறுநீரகத்தைப் பற்றியது. கதையில் ஒருவருக்குக் கிட்னி போனால், வெறுத்து ஒதுக்கப்பட்ட மருமகள் அதே வாரத்தில் தன் கிட்னியைக் கொடுத்துவிடுவாள். கண் விழித்ததும் இருவரும் வீடு திரும்பிவிடுவார்கள். ரத்தப் பிரிவு, திசுப் பொருத்தம், கொடுப்பவருக்கு மாதக்கணக்கில் பரிசோதனை, பெற்றவருக்கு வாழ்நாள் முழுக்க மாத்திரை என்று எதுவுமே இல்லை. மறுநாள் என் நோயாளியின் மகள் வந்து, "மிஸ்ஸி, நான் கொடுத்தா அடுத்த வாரம் செஞ்சிருவாங்களா?" என்று கேட்பாள். நோயாளியின் கிட்னியைக் கெடுத்த அதே நீரிழிவு அவளுக்கும் இருக்கும். அவளிடம் முடியாது என்று சொல்வது எனக்குப் பெரிய வேதனை. எழுதுகிறவர்கள் ஒரு முறையாவது டயாலிசிஸ் அறைக்கு வந்துவிட்டு எழுத வேண்டும் என்று உண்மையாகவே கேட்டுக்கொள்கிறேன்.

சரி, கோபம் ஒரு பக்கம் இருக்கட்டும். இயென் ஆங் என்ற ஆய்வாளர், இந்தோனேசியாவில் பிறந்து நெதர்லாந்தில் வளர்ந்தவர், எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு டச்சுப் பெண்கள் பத்திரிகையில் சிறு விளம்பரம் கொடுத்தார். டல்லஸ் பிடிக்கும் அல்லது பிடிக்காது என்பவர்கள் எழுதுங்கள் என்று கேட்டதற்கு 42 கடிதங்கள் வந்தன. பிடிக்கும் என்றவர்களில் பலர் அந்தக் கதை உண்மையாக இருக்கிறது என்றார்கள். எண்ணெய்க் கிணறும் பண்ணையும் அவர்கள் வாழ்க்கையில் இல்லை. கதைக்குள் இருந்த மனக்கஷ்டத்தைத்தான் அவர்கள் உண்மை என்றார்கள். படித்தபோது எனக்கு வியப்பே வரவில்லை. என் அறையில் இது பேச்சாகவே நடக்கிறது. வீட்டில் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் எல்லாரும் நல்லா இருக்கேன் என்பார்கள். நேற்றுக் கதை என்னாச்சு என்று கேட்டால் வாய் திறப்பார்கள். "மூத்த மருமக ரெண்டு நாளா சாப்பிடல, யாரும் கேக்கல" என்று ஒருவர் திரும்பத் திரும்பச் சொன்னால் நான் அவருடைய எடையையும், சரியாகச் சாப்பிடுகிறாரா என்று காட்டும் ஆல்புமின் என்ற ரத்தப் புரதத்தின் அளவையும் பார்ப்பேன். ஊசி போடும்போது சீரியலைப் பற்றிப் பேசச் சொல்லி ஜூனியர் நர்ஸ்களுக்குக் கற்றுக்கொடுப்பது இதனால்தான். வேறு எந்தப் படிவத்திலும் இந்தத் தகவல் வராது.

போன வருடம் அந்தக் கூலிம் ஆன்ட்டி, சீரியலில் ஒரு பாட்டியிடம் கையெழுத்து வாங்கும் காட்சியை மட்டும் பல நாள் பேசினார். வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு அந்தப் பாட்டியை மாடி அறையிலிருந்து கீழ் அறைக்கு மாற்றிவிட்டார்களாம். மூன்றாவது முறை சொன்னபோது, "உங்ககிட்ட யாராவது கையெழுத்துக் கேக்குறாங்களா ஆன்ட்டி?" என்று கேட்டேன். சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, மூத்தவன் ஃபிளாட் கிராண்டை, அதாவது வீட்டுப் பத்திரத்தை, தன் பெயருக்கு மாற்றச் சொல்கிறான், இளையவனுக்குத் தெரியாது என்றார்.

என் அக்கா மகன் ஒரு வக்கீல் ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா. அவன் போனில் விளக்கிச் சொன்னான். சொத்தை இன்னொருவர் பெயருக்கு மாற்றும் 14ஏ பாரத்தில் கையெழுத்தாகி நில இலாகாவில் பதிந்துவிட்டால் வீடு அவர் பெயரில் இருக்காது. பிள்ளைகளுக்குத்தான் போக வேண்டும் என்றால் உயில் எழுதி வைக்கலாம், இருக்கும்வரை வீடு அவர் பெயரிலேயே இருக்கும். ஆன்ட்டி அதையே செய்தார், இரண்டு மகன்கள் பெயரையும் சேர்த்து. மூத்தவன் கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். சீனப் புத்தாண்டு லீவுக்கு இருவருமே குடும்பத்தோடு வந்து, அந்த மூன்று அறை ஃபிளாட்டில் பாய் விரித்துப் படுத்தார்களாம். இரண்டு மருமகளுக்கும் குளியலறை முறைக்காகச் சண்டை வந்ததை அவர் எனக்கு 4 மணி நேரமும் சொன்னார். அன்று டிவியை மாக்சிக்குக்கு விட்டுக்கொடுத்துவிட்டார்.