பள்ளத்துக்கு ஒன்று, மேட்டுக்கு ஒன்று

எங்கள் வயல் ஒரே பட்டா, ஆனால் குணம் இரண்டு. மேற்கே மேடு, கிழக்கே தண்ணீர் தேங்கும் பள்ளம். போன கோடையில் வயல் முழுவதும் சணப்பு விதைத்தேன். வளர்ந்ததும் மண்ணிலேயே மடக்கி உழுது உரமாக்கும் பசுந்தாள் பயிர் அது. ஒரு மழை கொட்டியது. பள்ளத்தில் மூன்று நாள் தண்ணீர் நின்றது. அங்கிருந்த பயிர் மஞ்சளடித்துச் சாய்ந்துவிட்டது. "சணப்புக்கு வடிகால் வேண்டுமடா" என்று பெரியப்பா முன்பே சொன்னார். நான்தான் காதில் வாங்கவில்லை.

இந்த முறை இரண்டு பசுந்தாள் பயிர்கள். பள்ளத்தில் தக்கைப்பூண்டு, ஏக்கருக்கு 20 கிலோ விதை. கொஞ்சம் வளர்ந்துவிட்டால் தேங்கிய தண்ணீர் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. தண்டின் அடிப்பகுதி பஞ்சுபோல உப்பி, வேருக்குக் காற்றைக் கொண்டு சேர்க்கிறது. பெயரிலேயே தக்கை இருக்கிறதே! உவர் மண்ணையும் தாங்கும்.

மேட்டில் கொளிஞ்சி. வறட்சியைத் தாங்கும், மாடும் அவ்வளவாக வாய்வைக்காது. வளர்ச்சிதான் ஆமை வேகம். விதைத்தோல் கெட்டி என்பதால் மணலோடு சேர்த்து உரலில் லேசாக இடித்து விதைத்தோம். என் தோள்பட்டை இன்னும் வலிக்கிறது.

தக்கைப்பூண்டு இடுப்பளவு வந்துவிட்டது. 45 நாளில், பூவெடுக்கும் நேரத்தில் மடக்கி உழ வேண்டும். விட்டால் தண்டு நாராகி மட்கத் தாமதமாகும். உழும்போதும் ஈரம் வேண்டும். மேட்டூர் அணை ஜூன் 12 அன்று திறக்குமா என்று வீட்டில் தினமும் பட்டிமன்றம் நடக்கிறது. பெரியப்பா திறக்கும் கட்சி.