ஏ.ஐ.பி.இ. முடிந்தது: டிரையல் பக்கம் போகிறவர்களுக்கு

வழக்கறிஞர்கள் எழுதும் அகில இந்திய பார் தேர்வு (ஏ.ஐ.பி.இ.) ரிசல்ட் வந்துவிட்டது, பாஸ். பெரிய நிம்மதி. அடுத்த முறை எழுதப்போகிறவர்களில், விசாரணை நீதிமன்றத்தில் கிரிமினல் பிராக்டிஸ் செய்ய நினைப்பவர்களுக்காக இது.

19 பாடங்களையும் சரிசமமாகப் பிரித்துப் படிக்க வேண்டாம். மதிப்பெண் கணக்கில் அரசியலமைப்பு 10, குற்றவியல் நடைமுறை 10, உரிமையியல் நடைமுறை 10, தண்டனைச் சட்டம் 8, சாட்சியச் சட்டம் 8. ஐந்தும் சேர்ந்தால் 46. பொதுப் பிரிவுக்குத் தேர்ச்சி 45, எஸ்.சி., எஸ்.டி.க்கு 40. ஐந்திலும் முழுசாக எடுக்க முடியாது என்பதால் குடும்பச் சட்டம் 8, ஒப்பந்தம் - சொத்து மாற்றம் தொகுதி 8 இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கம்பெனி, சைபர், சுற்றுச்சூழல் தலா 2 தான்; பழைய வினாத்தாள் போதும். நெகட்டிவ் மார்க் இல்லை, எதையும் காலியாக விடாதீர்கள்.

குறிப்பில்லாத பேர் ஆக்ட் (சட்ட வாசகம் மட்டும் உள்ள புத்தகம்) தேர்வுக்குக் கொண்டுபோகலாம். ஆனால் எந்த அத்தியாயத்தில் தேடுவது என்று தெரியாதவருக்கு அது சுமைதான். முன்பக்கத்தில் இருக்கும் பிரிவு வரிசையை மட்டும் தினமும் ஒருமுறை வாசியுங்கள். என்னைக் கேட்டால், எல்லாவற்றையும்விட முக்கியம் இதுதான். ஏனென்றால் 2024 ஜூலை 1க்குப் பிறகு பழைய எண்கள் புதிய சட்டங்களில் வேறு பொருளில் உட்கார்ந்திருக்கின்றன, சில இல்லவே இல்லை:

- 482 (குற்றவியல் நடைமுறை): முன்பு உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம், இப்போது அது 528. புதிய 482 முன்ஜாமீன்.
- 438 (குற்றவியல் நடைமுறை): முன்பு முன்ஜாமீன். இப்போது சீராய்வு.
- 302 (தண்டனைச் சட்டம்): கொலை இப்போது 103. புதிய 302 மத உணர்வைப் புண்படுத்தும் பேச்சு.
- 420 (தண்டனைச் சட்டம்): புதிய தண்டனைச் சட்டமான பி.என்.எஸ்.ஸில் மொத்தமே 358 பிரிவுகள். ஏமாற்றுதல் 318.
- 65பி (சாட்சியச் சட்டம், மின்னணு ஆவணச் சான்று): இப்போது 63.

பழையதைத் தூக்கிப்போடவும் முடியாது. அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றத்துக்குப் பழைய தண்டனைச் சட்டமான ஐ.பி.சி.தான். அன்று நிலுவையில் இருந்த வழக்கு விசாரணையும் பழைய நடைமுறைச் சட்டப்படியே நடக்கும்.

சாட்சியச் சட்டத்தைத் தேர்வுக்காக மட்டும் படிக்காதீர்கள். போலீசார் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 180ன் கீழ் பதிவு செய்யும் வாக்குமூலத்தையே எடுத்துக்கொள்வோம். எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) தரப்புக்கு அது அரசு தரப்புச் சாட்சியை முரண்படுத்த மட்டுமே உதவும் (181). சாட்சி கோர்ட்டில் “குத்தியதைப் பார்த்தேன்” என்கிறார்; வாக்குமூலத்தில் “சத்தம் கேட்டுப் போனபோது கீழே கிடந்தார்” என்று இருக்கிறது. கிராஸில் (குறுக்கு விசாரணையில்) அந்த வரியையே அவருக்குச் சுட்டிக்காட்டிக் கேட்க வேண்டும் (புதிய சாட்சியச் சட்டம் 148). ஒப்புக்கொண்டால் வேலை முடிந்தது. மறுத்தால், புலனாய்வு அதிகாரி கூண்டேறும்போது “இந்தச் சாட்சி உங்களிடம் இப்படிச் சொன்னாரா?” என்று கேட்டுப் பதிலைப் பதிவாக்க வேண்டும். ஜூனியர்கள் கோட்டை விடுவது இந்த இரண்டாவது கேள்வியில்தான். அது இல்லாமல் முரண் நிரூபணமாகாது, இறுதி வாதத்தில் எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் நிற்காது. வாக்குமூலத்தில் இல்லாத முக்கியமான சங்கதியைக் கோர்ட்டில் புதிதாகச் சொன்னால், அந்த விடுபாடும் முரணாகலாம். இது பற்றிய, தஹசில்தார் சிங் வழக்கின் 1959 உச்ச நீதிமன்றத் தீர்ப்பை ஒருமுறை முழுதாகப் படியுங்கள்.

பார் கவுன்சிலில் செய்த தற்காலிகப் பதிவிலிருந்து 2 ஆண்டுக்குள் தேர்வை முடித்துவிடுங்கள். சீனியரைத் தேடும்போது அவர் டைரியில் செஷன்ஸ் டிரையல் எத்தனை ஓடுகிறது என்று பாருங்கள். ஜாமீன் மனு மட்டும் போடும் ஆபீசில் கிராஸ் கற்க முடியாது. செலவுக்குக் கஷ்டப்படுகிறவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் உதவிச் சட்ட உதவிப் பாதுகாப்பு வழக்கறிஞர் (வசதியில்லாத எதிரிக்காக வாதாடும் குழுவில் ஜூனியர்) பணிக்கு விண்ணப்பிக்கலாம். 3 ஆண்டு அனுபவம் வரை உள்ளவர்களுக்கான இடம் அது. சொந்தமாக வெளி வழக்கு எடுக்க முடியாது, ஆனால் விசாரணை கைக்கு வரும்.

டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் ஏ.பி.பி. (உதவி அரசு வழக்கறிஞர்) தேர்வுக்குக் குற்றவியல் நீதிமன்றங்களில் 5 ஆண்டு பிராக்டிஸ் வேண்டும். செஷன்ஸ் கோர்ட்டில் பப்ளிக் பிராசிக்யூட்டராக 7 ஆண்டு. சிவில் ஜட்ஜ் தேர்வுக்கு 3 ஆண்டு என்று 2025 மே 20 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அது தற்காலிகப் பதிவு நாளிலிருந்தே கணக்காகும், சான்றிதழும் காட்ட வேண்டும். எந்தக் கோர்ட், எந்த வழக்கு எண், எந்தத் தேதியில் ஆஜரானீர்கள் என்று முதல் வக்காலத்திலிருந்தே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.